கப்பல் சுற்றுலா முடிந்து வரும் காய்ச்சலும் இருமலும்: எதைக் கவனிக்க வேண்டும்?

நெய்தல்:
இறங்கிய பிறகு காய்ச்சல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது நாள் கணக்கு. இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ) தொற்றிய 1 முதல் 4 நாளில் வெளிப்படும். கோவிடுக்கு 2 முதல் 14 நாள், பெரும்பாலும் முதல் வாரத்திலேயே. தண்ணீரில் வளரும் லெஜியனெல்லா என்ற பாக்டீரியா நுரையீரலில் உண்டாக்கும் நிமோனியாவும் பொதுவாக 2 முதல் 14 நாளில் தொடங்கும். எனவே பத்து நாள் நன்றாக இருந்துவிட்டுக் காய்ச்சல் அடித்தால், அது கப்பலில் தொற்றிய ஃப்ளூவாக இருக்க வாய்ப்பு இல்லை. லெஜியனெல்லா தொற்றியிருக்கலாம். இவ்வளவு நாள் கழித்து வருவதைக் கப்பலோடு யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை, ஆபத்தே அதுதான்.

"இது ஃப்ளூ காலம் இல்லையே" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். கப்பலில் பூமியின் இரு பாதிகளிலிருந்தும் ஆட்கள் ஏறுகிறார்கள். ஒரு பக்கம் கோடை என்றால் மறுபக்கம் குளிர்காலம். 1998 கோடையில் அலாஸ்கா, யூக்கான் பகுதிச் சுற்றுலாப் பயணிகளிடையே இன்ஃப்ளூயன்சா ஏ பரவியது நினைவிருக்கலாம்.

பாய்மரம்:
தண்ணீர்ப் பக்கத்தைச் சொல்கிறேன். லெஜியனெல்லா 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில் நன்றாகப் பெருகும். ஜக்குஸி எனப்படும், காற்றுக் குமிழி எழும் சூடான குளியல் தொட்டி அந்த வரம்புக்குள்ளேயே இருக்கிறது. சூட்டில் குளோரின் சீக்கிரம் பறந்துவிடும். மிச்சத்தைக் குளிப்பவர்களின் வியர்வையும் சன்ஸ்கிரீனும் தின்றுவிடும். குழாய்களின் உட்சுவரிலும் மணல் வடிகட்டியிலும் வழவழப்பான படலம் கட்டிவிட்டால், மேலே தண்ணீர் கண்ணாடிபோல் தெரிந்தாலும் உள்ளே கிருமி பத்திரமாக இருக்கும். காற்றுக் குமிழிகளை இயக்கியதும் நுண்திவலைகள் எழும்பி மூச்சோடு நுரையீரலுக்குள் போகின்றன. 1994-இல் ஒரே கப்பலின் ஒன்பது பயணங்களில் 50 பேருக்கு நோய் வந்தது இப்படித்தான். தொட்டிக்குள் இறங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் அதில் பாதிக்கப்பட்டார்கள்.

அறையின் பால்கனியிலேயே இருக்கும் தனித் தொட்டி இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. 2022 நவம்பருக்கும் 2024 ஜூனுக்கும் இடையில் இரண்டு கப்பல்களில் பயணித்த 12 பேருக்கு வந்த லெஜியனேர்ஸ் நோயை (லெஜியனெல்லா நிமோனியாவின் பெயர்) ஆராய்ந்தபோது விரல் சுட்டியது இத்தகைய தொட்டிகளைத்தான். பொதுத் தொட்டிகளுக்கு உள்ள கடுமையான விதிகள் இவற்றுக்கு இல்லை. ஆள் இறங்காமல் நாள்கணக்கில் அதே தண்ணீர் நிற்கும். தண்ணீரை வடித்து, தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்பியது எப்போது என்று கேளுங்கள். தண்ணீரில் முக்கிப் பார்க்கும் பரிசோதனைப் பட்டை ஒரு டப்பா பையில் போட்டுக்கொள்வது நல்லது: குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு), அதற்குப் பதில் புரோமின் என்றால் குறைந்தது 4, அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.0 முதல் 7.8 வரை. சுவரைத் தடவும்போது வழுக்கினால் அளவு சரியாகக் காட்டினாலும் இறங்காதீர்கள்.

வெண்சங்கு:
மருத்துவரிடம் "சளி, காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் சிகிச்சை தவறான வழியில் போகலாம். கப்பலில் ஏறிய தேதி, இறங்கிய தேதி, அறை எண், ஜக்குஸியில் அல்லது அதன் அருகில் இருந்தீர்களா, காய்ச்சல் தொடங்கிய நாள் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். காரணம் மருந்திலேயே இருக்கிறது. லெஜியனெல்லா நம் உடலின் பாதுகாப்பு அணுக்களுக்குள்ளேயே குடியிருந்து பெருகும் கிருமி. அமாக்ஸிசிலின் போன்ற வழக்கமான மாத்திரைகள் அங்கே வேலை செய்யாது. அசித்ரோமைசின் அல்லது லெவோஃப்ளாக்சசின் வேண்டும், அதுவும் தாமதமில்லாமல்.

சிறுநீரில் லெஜியனெல்லாவின் அடையாளத்தைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனை சீக்கிரம் முடியும், ஆனால் பெரும்பாலும் அந்தக் கிருமியின் பல வகைகளில் செரோகுரூப் 1 என்பதை மட்டுமே காட்டும். அது நெகடிவ் என்று வந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியில் பிசிஆரும் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கல்ச்சரும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேளுங்கள். எச்சில் துப்பினால் போதாது. கல்ச்சர் இருந்தால்தான் தொட்டியில் கிடைத்த கிருமியும் நோயாளியிடம் கிடைத்ததும் ஒன்றா என்று ஒப்பிட முடியும், அடுத்த பயணத்தில் ஏறுகிறவர்களுக்கு அது உயிர்க்காப்பு. ஆன்டிபயாடிக் தொடங்குமுன் சளி எடுப்பது நல்லது. ஆனால் சளிக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

அதிகக் காய்ச்சலோடு வறட்டு இருமல், வயிற்றுப்போக்கு, மனக் குழப்பம், ரத்தத்தில் சோடியம் குறைவு இவை சேர்ந்து வந்தால் சந்தேகத்தைக் கூட்டுங்கள். 50 வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஃப்ளூ என்று உறுதியானால் அந்த வைரஸுக்கான ஓசெல்டமிவிர் மருந்து, பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம் தினம் இருவேளை, ஐந்து நாள். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும், அதை மருத்துவரே முடிவு செய்வார்.

கலங்கரை:
லெஜியனெல்லா பொதுவாக ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது; ஃப்ளூவும் கோவிடும் தொற்றும். எது என்று தெரியும்வரை தொற்றும் நோயாகவே நடத்துங்கள்: தனி அறை, திறந்த சன்னல், மாஸ்க். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கோஹாமாவில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேரில் 712 பேருக்குக் கோவிட் உறுதியானது. மூடிய இடத்தில் அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. வீட்டில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் விரல் கருவி) இருந்தால் விரலைச் சூடாக்கி, அசையாமல் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். வழக்கமாக 97, 98 காட்டுகிறவருக்கு 93-க்குக் கீழே நின்றால் மருத்துவமனைதான்.

பாய்மரம்:
ஒன்று விட்டுப்போயிற்று. தூக்கத்தில் மூச்சடைப்புக்காக, முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சிபேப் கருவியை எடுத்துச் செல்கிறவர்கள் அதன் ஈரப்பதத் தொட்டியில் அறைக் குழாய்த் தண்ணீரை ஊற்ற வேண்டாம். காய்ச்சி வடித்த நீர் தேவை என்று பயணத்துக்கு முன்பே கப்பல் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, தொட்டியைக் கழுவி, காற்றில் உலர வையுங்கள். மருந்தை மூடுபனியாக்கி மூச்சில் தரும் நெபுலைசருக்கும் இதே விதி.