வட்டுக் குடிபெயர்ப்பு, கருவிசாரா மீட்பு: இரண்டு பரிந்துரைகள்

அனைவருக்கும் வணக்கம்.

நம் கையேட்டுக்கான தமிழ்ச் சொற்களைப் பற்றி எழுதுகிறேன். வலையமைப்பு வழியாகப் பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும் வட்டுப் பெட்டிக்கு (NAS) பிணையச் சேமிப்பகம் என்ற சொல்லை எல்லோரும் ஏற்றுக்கொண்டதால் அதையே ஆள்கிறேன். பெட்டியின் பழைய மாடலிலிருந்து புதியதற்குப் போவதற்கு 'தரவு இடமாற்றம்' போதும் என்று எழுதியிருந்தீர்கள். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இந்த மேம்படுத்தலை இரண்டு வழிகளில் செய்கிறோம். இரண்டு பெட்டிகளையும் ஓடவிட்டுக் கோப்புகளை நகலெடுப்பது ஒரு வழி. வேலை பாதியில் நின்றாலும் பழைய வட்டுகளில் எல்லாம் அப்படியே இருக்கும். இன்னொரு வழியில் வட்டுகளையே கழற்றிப் புதிய பெட்டியில் செருகுகிறோம். நகல் எதுவும் எடுக்கப்படாது, கையில் இருப்பது ஒரே பிரதி. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், கையேட்டைப் படிப்பவர் காப்புநகல் எடுக்காமலே வட்டில் கை வைத்துவிடுவார்.

'வட்டு மாற்றம்' என்பதும் சரிவராது. பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஆளும் ரெய்டு (RAID) தொகுதியில் பழுதான வட்டை எடுத்துவிட்டுப் புதியது போடுவதை ஏற்கெனவே அப்படித்தான் சொல்கிறோம். அங்கே ஒரு வட்டு மட்டும் மாறும், அதன் மேல் தரவு மீண்டும் எழுதப்படும். இங்கே எல்லா வட்டுகளும் சேர்ந்தே போக வேண்டும், அவற்றில் உள்ள தரவு அழியக்கூடாது. ஆகவே 'வட்டுக் குடிபெயர்ப்பு' என்கிறேன். குடிபெயர்வது என்றால் குடும்பம் மொத்தமும் கிளம்புவதுதானே. லினக்ஸின் மென்பொருள் ரெய்டான எம்டி ரெய்டில் ஒவ்வொரு வட்டும் தன் அடையாளத்தைத் தானே சுமந்து போகிறது. அந்த அடையாளக் குறிப்பின் 1.2 வடிவத்தில், வட்டுப் பகுதியின் (partition) தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி, எந்தத் தொகுதி, அதில் தன் இடம் எது, வட்டுகளுக்குப் பிரித்து எழுதும் தரவுத் துண்டின் அளவு என்ன என்று எழுதியிருக்கும். புதிய பெட்டி இதைப் படித்துத்தான் தொகுதியைத் திரும்பக் கட்டுகிறது.

அடுத்தது, பெட்டி பழுதானாலும் தரவை எடுக்க முடிவதைக் குறிக்கும் 'மீட்புத்திறன்'. எதை வைத்து மீட்பது என்று அந்தச் சொல் சொல்லவில்லை. ட்ரோபோ (Drobo) நிறுவனத்தின் சேமிப்பகப் பெட்டிகள் பியாண்ட்ரெய்டு என்ற தம் சொந்த வடிவத்தில் எழுதின. தாய் நிறுவனமான ஸ்டோர்சென்ட்ரிக் 2022இல் திவால் பாதுகாப்புக் கோரி, 2023இல் கலைப்பு நடவடிக்கைக்குப் போனது. அதன் பிறகு பெட்டி பழுதானவர்களின் வட்டுகள் நல்ல நிலையில் இருந்தாலும், அவற்றைப் படிக்க இன்னொரு ட்ரோபோவோ தனி மீட்பு மென்பொருளோ தேவை. ஆனால் சினாலஜி (Synology) பெட்டிகளின் வட்டுகளை லினக்ஸ் வகையான உபுண்டு ஓடும் சாதாரணக் கணினியில் மாட்டி, எம்டிஅட்ம் (mdadm), எல்விஎம் (LVM) என்ற பொதுவான லினக்ஸ் கருவிகளைக் கொண்டு திறக்க முடிகிறது. இந்த வேறுபாட்டுக்குத்தான் பெயர் வேண்டும். 'கருவிசாரா மீட்பு' என்று வைக்கலாம்.

'திறந்த வடிவம்' என்று சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளில் இருந்தது எக்ஸ்ட்4தான் (ext4), எல்லோருக்கும் தெரிந்த திறந்த கோப்பு முறைமை. ஆனால் பெட்டியின் பவர்பிசி செயலிக்கு ஏற்ப 64 கேபி தொகுப்புகளாக (block) எழுதியிருந்தார்கள். 4 கேபி நினைவகப் பக்கம் கொண்ட வழக்கமான கணினியின் லினக்ஸ் கருநிரல் (kernel) அதை ஏற்ற மறுத்தது. கருநிரலை விட்டு, கோப்பு முறைமையைத் தனி நிரலாக ஓடவிடும் ஃபியூஸ் (FUSE) வழியாகத்தான் பலர் படித்தார்கள். ஆகவே விளக்கத்தை இப்படி எழுதலாம்: 'சேமிப்பகப் பெட்டியோ அதைச் செய்தவரோ இல்லாதபோதும், பொதுவான கணினியில் வட்டுகளைப் படித்துத் தரவை எடுக்க முடிதல்.' மறையாக்கம் இருந்தால் சாவியும் பெட்டிக்கு வெளியே உரியவரிடம் இருக்க வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்வோம்.

அப்புறம், வட்டுத் தொகுதியையும் தானே ஆளும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ்ஸின் (ZFS) export, import கட்டளைகளுக்கு 'ஏற்றுமதி, இறக்குமதி' தயவுசெய்து வேண்டாம். அங்கே சரக்கு எதுவும் போகவில்லை. பழைய கணினி தன் பிடியை விடுகிறது, புதியது எடுத்துக்கொள்கிறது. விடாமல் வட்டைக் கழற்றினால், வேறு கணினி பயன்படுத்திக்கொண்டிருப்பதாகச் சொல்லிப் புதியது ஏற்க மறுக்கும், வற்புறுத்த வேண்டிவரும். 'விடுவி', 'பொறுப்பேற்றுக்கொள்' என்ற இரண்டு வினைகள் எனக்குத் தோன்றுகின்றன. இரண்டாவது கட்டளைப் பொத்தானில் சற்று நீளம். சிறிய சொல் கிடைத்தால் எழுதுங்கள்.