மயில் கழுத்துல கருப்பு நூல் வெளிறித் தெரியுது, என்ன பண்ண?

ரா சில்க் பிளவுஸ்ல ஆரி ஒர்க் மயில் போடுறேன், கழுத்து முழுக்க நீலம், நிழலுக்கு கருப்பு, போட்டு முடிச்சா கருப்பு சாயம் போன மாதிரி இருக்கு. நூல் மட்டமா?

பதில் 1:
நூல் மேல தப்பே இல்ல சிஸ். பாரிஸ் கோப்லான் நெசவாலைலயும் இதே புகார் வந்துச்சு. 1824ல அங்க சாயப் பிரிவுக்குப் பொறுப்பா வந்த செவ்ரோல்ங்கிற வேதியியலாளர் சோதிச்சுப் பாத்து, கருப்புச் சாயம் நல்லாத்தான் இருக்கு, பக்கத்துல இருக்குற நீலமும் ஊதாவும்தான் அதை மங்கலாக் காட்டுதுன்னு சொன்னார், 1839ல அதை விரிவா எழுதியும் வெளியிட்டார். நீலத்தோட எதிர் நிறமான ஆரஞ்சு சாயல் லேசா கருப்பு மேல ஏறின மாதிரி கண்ணுக்குத் தெரியும். நிழலுக்கு நேவி ப்ளூ போடுங்க.

பதில் 2:
கருப்பு ஜொலிக்கணும்னா நீலகிரி தோடர் எம்பிராய்டரி பாருங்க, வெள்ளைத் துணில சிவப்பும் கருப்பும்தான் முக்கியம், அவ்ளோ அழகு! 2013ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. உங்க மயிலுக்கு ஓரமா செம்பு நிற ஜரிகை ஒரு வரி கொடுங்க, நீலம் தூக்கிக் காட்டும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, கருப்பைப் பிரிச்சுட்டு நேவி போட்டுப் பாக்குறேன்.