ஆஃபர் கடிதத்தில் ஹூட் கணக்கு

அமெரிக்காவில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்ததும் பலரும் பேரம் பேசுவது ஸ்டார்ட்அப் தொகைக்கு, அதாவது ஆய்வகம் தொடங்கப் பல்கலைக்கழகம் தரும் பணத்துக்கு. முதலில் பேச வேண்டியது ஃபியூம் ஹூடுக்கு, அதாவது நச்சுப்புகையை உறிஞ்சி வெளியேற்றும் வேலைக்கூண்டுக்கு. மூலக்கூறுகளைத் தயாரிக்கும் சிந்தெசிஸ் குழுவில் ஆளுக்கொரு ஹூட் இல்லாமல் வேலை நடக்காது. கையில் பணம் இருந்தாலும் மறுநாளே வாங்கி மாட்டிவிடும் சாமான் இல்லை அது. ஹூட் உறிஞ்சி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக அறைக்குள் புதுக்காற்று வர வேண்டும். கட்டடத்துக்கு அந்தத் திராணி இல்லையென்றால் கூரைமேல் இருக்கும் விசிறிவரை மாற்ற வேண்டிவரும். மாதக்கணக்கில் இழுக்கும். டென்யூர் கடிகாரமோ (நிரந்தரப் பதவி பெறுவதற்கான கெடு) சேர்ந்த நாளிலிருந்தே ஓடும். அதனால் எத்தனை ஹூட், எந்த அறை, எந்தத் தேதிக்குள், தாமதமானால் ஓராண்டு நீட்டிப்பு உண்டா, எல்லாம் கடிதத்தில் வர வேண்டும். துறைத்தலைவர் வாயால் சொன்னது, அவர் பதவி மாறினால் காற்றோடு போச்சு.

*

ஹூடோடு இதையும் கேளுங்கள்: ஸ்டார்ட்அப் பணத்துக்குக் காலாவதி உண்டா? மூன்றாண்டு என்று போட்டிருந்தால் ஐந்துக்குக் கேட்டுப் பாருங்கள். சம்பளம் பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்குத்தான். முதல் இரண்டு கோடைக்குச் சம்பளம் உண்டா என்பதும் எழுத்தில் வேண்டும். கருவிப் பட்டியலில் ரோட்டவேப்பும் (கரைப்பானை ஆவியாக்கி நீக்கும் கருவி) க்ளவ் பாக்ஸும் (காற்றுப் படாமல் வேலை செய்யும் பெட்டி) எல்லோருக்கும் ஞாபகம் வரும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவிக்கு மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் கட்டணமும், அதற்கான டியூட்டரேட்டட் சால்வென்ட், கலவையைப் பிரிக்கும் சிலிகா ஜெல் ஆகியவற்றின் செலவும் விட்டுப்போகும். பணம் கரைவது அங்கேதான்.

*

சேரும் மாதமும் முக்கியம். முதலாண்டு மாணவர்கள் குழுவைத் தேர்ந்தெடுப்பது பல துறைகளில் நவம்பர், டிசம்பரில். ஜனவரியில் போய் இறங்கினால் அந்த ஆண்டு அறுவடை முடிந்திருக்கும். ஜூலைதான் தோது.

தேசிய அறிவியல் அறக்கட்டளையின் (என்எஸ்எஃப்) கேரியர் ஆய்வுநிதிக்கான விண்ணப்பமும் ஜூலை கடைசியில்தான். மூன்று முறைக்குமேல் போட முடியாது, ஆகவே முதல் ஆண்டே அரைகுறை யோசனையை அனுப்பி ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். குறைந்தபட்சத் தொகை ஐந்தாண்டுக்கு 4,00,000 டாலர். பல்கலைக்கழகத்தின் மேற்செலவுப் பங்கு போனால் ஏறக்குறைய ஒரு மாணவருக்குக் காணும். தேசிய சுகாதாரக் கழகத்தின் (என்ஐஹெச்) மிரா ஆய்வுநிதியில், மேற்செலவு தவிர்த்து நேரடிச் செலவுக்கே ஆண்டுக்கு 2,50,000 டாலர்வரை கேட்கலாம். புதியவர் என்ற சலுகைக்கான பத்தாண்டுக் கெடுவை பிஎச்டி முடித்த நாளிலிருந்து எண்ணுவார்கள். போஸ்ட்டாக்கில் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணியில்) நாள் கழித்தவர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.