புதுப்பிப்பு: கருக்கட்டிய முட்டையை ஏன் திருப்பித் தந்தார்கள்

போன கிழமை கோபத்தில் எழுதியிருந்தேன்: செங்கலடியிலிருந்து 60 ஊர்க்கோழி முட்டைகளைக் குஞ்சு பொரிக்கும் நிலையத்துக்குக் கொண்டுபோனேன், எல்லாம் சேவல் சேர்ந்தது என்று சொல்லியும் 41ஐத் திருப்பித் தந்துவிட்டார்கள் என்று. சரி, மறுபடி போய்க் கேட்டேன். பிழை பெரும்பாலும் என்னுடையதுதான்.

எச்சம் ஒட்டியிருக்கிறதே, சுத்தமாகக் கொடுப்போம் என்று கிணற்றடியில் வைத்துத் தேய்த்துக் கழுவியிருந்தேன். ஓட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது, அது போனால் ஓட்டிலுள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும், பிறகு அடைகாக்கும் மெஷினுக்குள் 37.5 பாகைச் சூட்டில் 21 நாள் கிடக்கும்போது அப்படி ஒரு முட்டை அழுகி வெடித்தாலே போதும், பக்கத்து முட்டைகளும் நாசம். கரு இருக்கிறதா என்பது அவர்களுக்கு இரண்டாம் பட்சம்தான்.

அடுத்தது நாள் கணக்கு. ஏழு நாளுக்கு மேல் வைக்கக்கூடாதாம், அதுவும் 18 பாகை போலக் குளிர்ந்த இடத்தில். நான் வைத்தது அடுப்படியில், 12 நாள்! மட்டக்களப்பு வெக்கைக்குக் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துப்போகுமாம்.

அங்கிருந்த அண்ணன் ஒரு முட்டையை டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தலைமயிர் போல ஒரு வெடிப்பு, கூர்முனையிலிருந்து நடுவரை. மோட்டார் சைக்கிளில் கூடையைக் கட்டிக்கொண்டு வந்த வினை.

அந்த 41இல் நல்லதாகப் பார்த்து அம்மா எடுத்தார், அவை எங்கள் வீட்டுச் சட்டியில் பொரிந்தன. நிலையத்தார் எடுத்துக்கொண்ட 19உம் குஞ்சு பொரிக்க இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது.