ராத்திரிச் சாப்பாட்டுக்கு மார்க் போடுகிறோம், தேங்காய்ப் பால் சொதியில் சிக்கல்

பாளையங்கோட்டையில் இருக்கிறோம். ஒரு மாதமாக நானும் வீட்டுக்காரரும் ராத்திரி சாப்பிட்டதற்கெல்லாம் காலண்டரில் 10-க்கு மார்க் எழுதி வருகிறோம். கடையில் சாப்பிட்டாலும் சரி, வீட்டில் பொங்கினாலும் சரி.

பரோட்டா சால்னா 8-க்குக் குறைந்ததே இல்லை. கல்லிலிருந்து எடுத்து அடித்துப் போடுகிற சூட்டுக்கே பாதி மார்க் கொடுக்கலாம். போன வாரம் ஒரு கடையில் தோசை வர முக்கால் மணி நேரம், சட்னியும் புளிப்பு. அதற்கு 3. வீட்டு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் 9 (போட்டது நான்தான், அவர் ஏழரை).

சொதிதான் மானத்தை வாங்குகிறது. இரண்டாம் தேங்காய்ப் பாலில் காயை வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, கடைசியில் முதல் பால் ஊற்றுகிறேன். ஒரு கொதி வந்ததும் இறக்கி எலுமிச்சை பிழிகிறேன். இரண்டு தடவையும் திரிந்துவிட்டது. மார்க் 4. முதல் பால் ஊற்றினால் கொதிக்கவே விடக்கூடாதோ? நுரை கட்டினதும் இறக்கணுமா? எலுமிச்சையைச் சூடு தணிந்த பிறகு பிழிந்தால் சரியாகுமா?

அப்புறம் இன்னொன்று. தேங்காய் துருவி, பிழிந்து, பாத்திரம் கழுவின உழைப்புக்கு மார்க் உண்டா? ருசிக்கு மட்டும் போடு என்கிறார் அவர். துருவாதவர் அப்படித்தான் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டிலிருந்து எல்லாரும் வருகிறார்கள். சொதி வைக்கிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். அதற்குள் யாராவது சொல்லுங்களேன்.