25 டன்னும் ஒரு பின்னேரமும்

வளசரவாக்கத்திலிருந்து:

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். போன வாரம் கரண்ட் போனபோது மொட்டை மாடியில் நான் பெர்லினைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். 1948 ஜூனில் சோவியத் தரைவழியை அடைத்தது, மேற்கு பெர்லினுக்கு விமானத்திலேயே 20 லட்சம் டன்னுக்கு மேல் கொண்டுபோனார்கள், அதில் சோற்றைவிட நிலக்கரிதான் அதிகம் என்றெல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எங்களுக்கும் போட்டவங்கள்தானே" என்றார்.

1987 ஜூன் 4. முந்தின நாள்தான் ராமேஸ்வரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நிவாரணத்தோடு போன இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. மறுநாள் பெங்களூரிலிருந்து ஐந்து ஏஎன்-32 சரக்கு விமானங்கள் யாழ்ப்பாணத்தில் நிவாரணத்தைப் போடக் கிளம்பின, காவலுக்கு மிராஜ் போர் விமானங்கள். 'பூமாலை' என்று பெயர் வைத்தார்கள்.

"பொம்மர் எண்டு நினைச்சு பங்கருக்குள்ள ஓடினனாங்கள். அம்மா புட்டை அடுப்பிலயே விட்டிட்டு வந்தவா. பிறகு பாரசூட் குடையள் விரிஞ்சதைக் கண்டுதான் வெளியில வந்தம். புட்டு கருகிப் போச்சு."

உங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். "ஒண்டும் இல்லை. ஆனா அண்டைக்கு நல்லா நித்திரை கொண்டம்."

எனக்குக் கணக்குப் பைத்தியம். போட்டது சுமார் 25 டன். ஒரு லட்சம் பேருக்குப் பிரித்தால்கூட ஆளுக்குக் கால் கிலோ. பெர்லினில் 1949 ஈஸ்டர் சமயம் ஒரே நாளில் 11,000 டன்னுக்கு மேல் இறக்கினார்கள். அங்கே எடைதான் வென்றது. குளிர்காலத்தையும் நகரம் தாண்டிவிட்டது, மே 12-ல் ஸ்டாலின் முற்றுகையை விலக்கிக்கொண்டார். இங்கே எடை ஒரு பொருட்டே இல்லை. கேட்காமலே இந்தியா உள்ளே வரும் என்று கொழும்புக்குப் புரிந்தது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் புலிகள் மீது இலங்கை ராணுவம் நடத்திவந்த தாக்குதல் நின்றது. ஜூலை 29-ல் ராஜீவும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

அப்புறம் இந்திய அமைதிப்படை போனதும் அங்கே நடந்ததும் வேறு கதை. அதை அக்காவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முடிச்சூரிலிருந்து:

நீங்கள் கால் கிலோ என்று எழுதியதைப் படித்ததும் 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் ஞாபகம் வந்தது. மீனம்பாக்கத்தில் ஓடுபாதை முழுக்கத் தண்ணீர், சில விமானங்களை அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விட்டார்கள். எங்கள் மாடிக்கு மேல் ஹெலிகாப்டர் வந்தது. காற்றில் கொடியில் கிடந்த போர்வை பறந்து பக்கத்து வீட்டுத் தொட்டியில் விழுந்தது. இரண்டு பொட்டலம் போட்டார்கள். ஒன்று தண்ணீரில். இன்னொன்றில் பிரெட், தண்ணீர் பாட்டில், ஒரு மெழுகுவத்தி. தீப்பெட்டி மட்டும் இல்லை.