எக்ஸெல்லில் திறந்தால் தமிழ் உடைகிறது, அவசரம்

அரைப்புள்ளி:
பைத்தான்ல சிஎஸ்வி ஃபைல் (கமா போட்டுப் பிரிச்ச டேபிள்) எழுதுறேன். எரர் எதுவும் வரல. எக்ஸெல்ல திறந்தா பேரெல்லாம் குப்பையா இருக்கு. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

மழைக்காகிதம்:
ஃபான்ட் பிரச்சினைதான். செல் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி நிர்மலா யூஐ ஃபான்ட் போடுங்க.

கமாக்காரன்:
பாண்டாஸ் லைப்ரரியா, பைத்தானோட சிஎஸ்வி மாட்யூலா? விண்டோஸா, மேக்கா? டபுள் கிளிக் பண்ணித் திறந்தீங்களா? அதைவிட முக்கியம், என்ன மாதிரிக் குப்பை? கட்டமா, கேள்விக்குறியா, ஐரோப்பிய எழுத்தா?

அரைப்புள்ளி:
விண்டோஸ், பாண்டாஸ். டபுள் கிளிக்தான். தலையில கோடு போட்ட சின்ன ஏ, அடுத்து வட்டத்துக்குள்ள ஆர். அதே ஜோடி திரும்பத் திரும்ப வருது. நிர்மலா போட்டும் அப்படியேதான்.

பழம்பெருச்சாளி:
முதல் பதிவுலயே இதை எழுதியிருந்தா ரெண்டு பேர் நேரம் மிச்சம். தேடுபெட்டி அழகுக்கு வெச்சது இல்ல, தம்பி.
ஃபான்ட் இல்லேன்னா கட்டம் கட்டமாத்தான் வரும். கேள்விக்குறி வந்தா டேட்டாவே அழிஞ்சாச்சு, மீட்க முடியாது. உங்களுக்கு ரெண்டும் இல்ல. யூடிஎஃப்-8ங்கிற என்கோடிங்ல (எழுத்தை பைட்டா மாத்தி எழுதுற முறை) தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொண்ணும் 3 பைட். ஹெக்ஸ் எண்ணுல சொன்னா முதல் பைட் எப்பவும் ஈ0, ரெண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப். எக்ஸெல் அதை விண்டோஸ்-1252ங்கிற ஐரோப்பிய என்கோடிங்னு நெனச்சு வாசிக்குது. அங்க ஈ0ன்னா கோடு போட்ட ஏ, ஏஈன்னா வட்ட ஆர். ஃபைல் சரி, வாசிக்கிறவன் தப்பு.

கமாக்காரன்:
அதேதான். பாண்டாஸ்ல எழுதும்போது என்கோடிங்கை 'யூடிஎஃப்-8-சிக்'னு குடுங்க. ஃபைல் தலையில ஈஎஃப் பிபி பிஎஃப்னு 3 பைட் சேரும், அதான் பிஓஎம். அதைப் பாத்தா எக்ஸெல் யூடிஎஃப்-8னு புரிஞ்சுக்கும்.

ஓடைமீன்:
தயவுசெஞ்சு பிஓஎம் பழக்காதீங்க. நாளைக்கு இதே ஃபைலை பைத்தானோட டிக்ட்ரீடர்ல சாதா யூடிஎஃப்-8ஆ வாசிச்சா முதல் காலம் (நெடுவரிசை) பேருக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் 'பெயர்'னு கேட்டா கீஎரர், அதாவது அப்படி ஒரு காலமே இல்லேன்னு எரர். பிரிண்ட் பண்ணிப் பாத்தாலும் 'பெயர்'னுதான் தெரியும். எக்ஸெல்ல டேட்டா டேப், ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி, ஃபைல் ஆரிஜின் 65001 (யூடிஎஃப்-8ஓட எண்)னு இம்போர்ட் பண்ணச் சொல்லுங்க.

பழம்பெருச்சாளி:
வாசிக்கும்போதும் 'சிக்' போட்டா அந்த எழுத்து கழண்டுடும், பிஓஎம் இல்லாத ஃபைலா இருந்தாலும் கோவிச்சுக்காது. டாக்குமெண்டேஷன்ல இருக்கு. ஃபைல் வாங்குற ஆள் டபுள் கிளிக்தான் பண்ணுவார், அவருக்குப் போய் 65001 பாடம் எடுப்பீங்களா?

ஓடைமீன்:
பைத்தான் மட்டுமே உலகம்னா சரி. ஜேசன், ஷெல் ஸ்கிரிப்ட் எல்லாத்துலயும் பிஓஎம் வந்து உக்காந்தா யார் பொறுப்பு? ஷெபாங் வரி (ஸ்கிரிப்டை எதுல ஓட்டணும்னு சொல்ற முதல் வரி) வேலையே செய்யாது.

பழம்பெருச்சாளி:
ஷெல் ஸ்கிரிப்டை எக்ஸெல்ல திறக்குறவங்களுக்கு வேற இழை ஆரம்பிங்க.

மழைக்காகிதம்:
லிப்ரெ ஆபீஸ்ல இந்தத் தொல்லையே இல்ல. திறக்கும்போதே என்கோடிங் கேக்கும்.

அரைப்புள்ளி:
'சிக்' போட்டேன், தமிழ் வந்துடுச்சு 🙏 ஆனா ஆதார் காலம் மட்டும் 2.34ஈ+11 மாதிரி வருது??

கமாக்காரன்:
*சேவ் பண்ணிடாதீங்க.* 12 இலக்கமோ அதுக்கு மேலயோ இருந்தா எக்ஸெல் எண்ணை இப்படிச் சுருக்கித்தான் காட்டும். ஃபைலுக்குள்ள எண் முழுசா இருக்கு. ஆனா அங்கிருந்தே சிஎஸ்வியா சேவ் பண்ணா திரையில தெரியுற அந்தச் சுருக்கம்தான் எழுதப்படும், மிச்ச இலக்கம் போச்சு. சாதா 'சிஎஸ்வி'ன்னு சேவ் ஆனா தமிழும் கேள்விக்குறியாகிடும்.
சிஎஸ்வியை விட்டுடுங்க. அந்தக் காலத்தை ஸ்ட்ரிங்கா மாத்திட்டு எக்ஸ்எல்எஸ்எக்ஸா (எக்ஸெல்லோட சொந்த ஃபைல்) எழுதுங்க, ஓப்பன்பைஎக்ஸெல் லைப்ரரி இருந்தாப் போதும். இலக்கம் எல்லாம் தப்பிக்கும், பிஓஎம் சண்டையும் தேவையில்ல.

அரைப்புள்ளி:
எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஓகே. அனுப்பிட்டேன். நன்றி அண்ணா.

ஓடைமீன்:
இருங்க, முழு ஆதார் எண்ணையும் மெயில்லயா அனுப்புனீங்க? கடைசி 4 இலக்கம் போதாதாமா?

மழைக்காகிதம்:
ஆள் போயிட்டார்.